பத்துக்கு மூன்று

அம்மிணி,

போன வாரம் எங்கள் வாசல் கேட்டுக்குப் பெயின்ட் அடித்தார்கள். அடித்து முடித்தவர் கையைத் துடைத்துக்கொண்டே என் செல்போனை வாங்கி, ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, வரிசையாக ஐந்து நட்சத்திரங்களைக் காட்டினார். "எல்லாத்தையும் தொட்டுருங்கம்மா. ஒண்ணு கொறஞ்சாலும் அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க" என்றார். நாற்பது வயது இருக்கும். ஐந்தையும் தொட்டேன். கீழே எழுதுவதற்கு ஒரு கட்டம் இருந்தது. "அங்க ஒண்ணும் எழுத வேண்டாங்க, அதை யாரு படிக்கறாங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகும் பெயின்ட் வாசனை போகவில்லை. அந்த வாசனையோடு நீ வந்து உட்கார்ந்துகொண்டாய். நீ போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. உனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று இப்போதுதான் தோன்றியது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் நாமக்கல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். பரமத்தி வேலூரிலிருந்து பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தவள், ஷிஃப்ட் மாறி மாறி வந்ததால் ஊருக்குள்ளேயே ஓர் அறை எடுத்துத் தங்கினேன். எதிர்வீடு உன்னுடையது. தம்மம்பட்டியில் பிறந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள் நீ. உன் வீட்டுக்காரர் கோழித் தீவனக் கடைக்குப் போன பிறகு, முன்னறையில் வாடகை நூலகம் நடத்துவாய். வீட்டை நான் 'ஊடு' என்று சொன்னால் நீ சிரிப்பாய். உன் ஊர்ப் பேச்சில் 'ங்க' குறைவாக இருக்கிறதே என்று நான் சிரிப்பேன். உனக்கும் எனக்கும் வயது வித்தியாசம் இரண்டு மாதம். நீயா பெரியவள், நானா பெரியவள் என்பதை நாம் பேசி முடிக்கவே இல்லை.

உன் நூலகத்தில் மாத நாவல்களும் வார இதழ்களும் ஒரு பக்கம் இருந்தன. மற்றொரு பக்கம் விளையாட்டுப் பெட்டிகள். இந்த ஜில்லாவிலேயே விளையாட்டை வாடகைக்கு விட்டவள் நீ ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். பள்ளிக்கூடம் லீவு விட்டால் தாய்மார்கள் கதவு திறப்பதற்கு முன்பே வந்து நிற்பார்கள். ஒரு பெட்டியை மூன்று நாள் வைத்துக்கொள்ளலாம். எதை எடுப்பது என்று திணறுகிறவர்களுக்காக நீ ஒரு நோட்டுப் போட்டாய். ஒரு விளையாட்டுக்கு ஒரு பக்கம். எத்தனை பேர் ஆடலாம், எந்த வயதுக்குப் பொருந்தும், எங்கே சுவாரசியம், எங்கே இழுவை என்று உன் குண்டு எழுத்தில் பொறுமையாக எழுதுவாய். என் பகல் ஷிஃப்ட் முடிந்ததும் நாம் இருவரும் ஆடிப் பார்ப்போம். நீ எழுதுவாய்.

மார்க் போடலாம் என்று சொன்னது நான்தான்.

"படிக்கறதுக்கு அவங்களுக்கு எங்க நேரம்? பத்துக்கு எத்தனைன்னு மூலையில போட்டுரு. பார்த்தாங்களா, எடுத்தாங்களான்னு இருக்கும்."

"விளையாட்டு பரீச்சையா எழுதியிருக்கு, மார்க் போடறதுக்கு?" என்று கேட்டாய்.

ஆனாலும் ஒத்துக்கொண்டாய். எக்ஸ்சேஞ்சிலிருந்து நான் ஒரு சிவப்புப் பென்சில் கொண்டுவந்தேன். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஒரு வட்டம், அதற்குள் ஓர் எண். இருவரும் பேசித்தான் முடிவு செய்தோம் என்றாலும், பென்சில் என் கையில் இருந்ததால் பெரும்பாலும் என் எண்தான் வட்டத்துக்குள் போனது.

நான் சொன்னபடியே நடந்தது. கூட்டம் சீக்கிரம் கலைந்தது. நோட்டைப் புரட்டுகிறவர்கள் மூலையை மட்டும் பார்த்தார்கள். எட்டும் ஏழும் வாங்கிய பெட்டிகள் அலமாரிக்குத் திரும்பி வரவே இல்லை, ஒரு வீட்டிலிருந்து நேராக இன்னொரு வீட்டுக்குப் போயின. ஐந்து வாங்கியவற்றின் மேல் தூசி படிந்தது. ஒரு நாள் ஓர் அம்மா எட்டு மார்க் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "எட்டுன்னு போட்டிருக்கீங்க. எங்க புள்ளைகளுக்கு ஒண்ணுமே வெளங்கலீங்க" என்றார். அவருடைய பிள்ளைகள் ஆறு வயதும் நாலு வயதும். பன்னிரண்டு வயதுக்கு மேல் என்று நீ முதல் வரியிலேயே எழுதியிருந்தாய். நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அந்த அம்மா சொன்னதை அப்படியே அந்தப் பக்கத்தின் அடியில் எழுதிவைத்தாய்.

அடுத்த கோடையில் அர்த்தநாரி வந்தார். லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் பெயின்டர். வண்டியின் முன்னால் சாமி பெயர், பின்னால் தாமரைப் பூ, பக்கவாட்டில் முதலாளி பெயர் எல்லாம் எழுதுகிறவர். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் பச்சையோ மஞ்சளோ ஒட்டிக்கொண்டிருக்கும். ஹார்டுபோர்டை இரண்டாக மடிக்கிற மாதிரி ரெக்சின் ஒட்டி, அதில் நாமக்கல்லிலிருந்து பம்பாய் வரைக்கும் ரோடு வரைந்து ஒரு விளையாட்டுச் செய்திருந்தார். மேலே 'லோடு வண்டி' என்று எழுதியிருந்தது. விரல் நீளத்துக்கு நாலு மர லாரிகள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் கடுகளவு தாமரை.

"நானே பண்ணினதுங்க. இங்க வெச்சுப் பாருங்க. நல்லாருந்தா சொல்லுங்க, நல்லால்லைன்னாலும் சொல்லுங்க" என்றார்.

அன்று மத்தியானமே ஆடினோம். பகடை உருட்டி லாரியை நகர்த்த வேண்டும். சில கட்டங்களில் சீட்டு எடுக்க வேண்டும். டயர் வெடித்தது, ஆக்ஸில் உடைந்தது, செக்போஸ்ட்டில் நிறுத்திவிட்டார்கள் என்று ஏதாவது வரும். வண்டி நின்றுவிட்டால், பகடையில் ஒன்று விழும் வரை அங்கேயே கிடக்க வேண்டும். பின்னால் வருகிறவர் விரும்பினால் நின்று கைகொடுக்கலாம். அப்படி நின்றால் அவருக்கு இரண்டு முறை பகடை உருட்டுவது போய்விடும், நின்ற வண்டி உடனே கிளம்பிவிடும். நாம் இருந்தது இரண்டு பேர். என் வண்டி நின்றால் நீ எதற்காக நிற்பாய்? உன் வண்டி நின்றால் நான் எதற்காக நிற்பேன்? நீ தொப்பூரில் கிடந்தாய், நான் பாட்டுக்கு பம்பாய் போய்ச் சேர்ந்தேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. எனக்குக் கொட்டாவி வந்தது.

நீ ஒன்றரைப் பக்கம் எழுதினாய். வரைந்திருக்கும் அழகு, சீட்டுகளில் இருக்கும் உண்மை, இருவர் மட்டும் ஆடினோம் என்பது, கைகொடுக்கும் விதி எதற்கென்று புரியவில்லை என்பது, எல்லாம் அதில் இருந்தது. நான் மூலையில் வட்டம் போட்டு மூன்று என்று எழுதினேன்.

"இன்னொரு தடவை ஆடிட்டுப் போடலாமே" என்றாய்.

"இதுக்கு எதுக்கு இன்னொரு தடவை?" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து அர்த்தநாரி சேலத்திலிருந்து பொம்மைக்கடைக்காரர் ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார். வெளுத்த சட்டை போட்டிருந்தார். அவர் முகத்தில் அன்று இருந்த மாப்பிள்ளைக் களையை நான் இன்னும் மறக்கவில்லை. "இங்க பாருங்க, நம்ம பொட்டியை இங்கதான் வெச்சிருக்காங்க. ரெண்டு பேருமே படிச்சவங்க. ஆடிப் பார்த்து எழுதியிருக்காங்க" என்று சொல்லி, தானே நோட்டை எடுத்து, தானே அந்தப் பக்கத்தைத் தேடிக் கடைக்காரரிடம் நீட்டினார். அதுவரை அவர் அதைப் பார்த்ததில்லை. நல்லதாகத்தான் எழுதியிருப்போம் என்று நம்பியிருக்கிறார்.

கடைக்காரர் மூலையைப் பார்த்தார். "பத்துக்கு மூணுங்களா?" என்றார். நோட்டை மூடினார்.

"கீழ எழுதியிருக்கறதையும் படிச்சுப் பாருங்க" என்று நீ எழுந்து நின்று சொன்னாய்.

"படிக்கறதுக்கு எங்கீங்க நேரம்? அதுக்குத்தான மார்க்குப் போட்டிருக்கீங்க" என்றார் அவர். நான் உன்னிடம் சொன்ன அதே வார்த்தை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "சரிங்க அர்த்தநாரி, பொறவு பாத்துக்கலாம்" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அர்த்தநாரி போகவில்லை. நோட்டைத் திறந்து, நின்றபடியே, எழுத்துக் கூட்டி ஒன்றரைப் பக்கத்தையும் படித்தார். நமக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. படித்து முடித்துத் தலையை நிமிர்த்தி, "ரெண்டு பேரு ஆடினீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"இது நாலு பேரு ஆடறதுங்க. நாந்தான் அதைப் பொட்டி மேல எழுதாம உட்டுட்டேன்." பழியைத் தன் மேலேயே போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக, "பொட்டியை எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டு, சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு போனார்.

அவர் தெருமுனை திரும்பியதும் நான் நோட்டைப் பிடுங்கினேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனேன். இனிமேல் மார்க்கே வேண்டாம், எல்லா வட்டத்தையும் அழித்துவிடலாம் என்றேன். நீ நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாய்.

"மார்க் மேல என்ன தப்பு? ஒரு தடவை, ரெண்டு பேரு, அரைத் தூக்கத்துல ஆடிட்டுப் போட்டோமே, அதுதான் தப்பு. இப்பக் கிழிச்சா அந்தத் தப்பையும் சேர்த்து மறைச்ச மாதிரி ஆயிரும்."

எனக்கு அவமானத்தில் கோபம் வந்தது. உன்னைக் குத்த வேண்டும் போல் இருந்தது. "நீ எழுதற பக்கம் பக்கமான வியாக்கியானத்தை ஊர்ல எவ படிக்கறா? நான் போட்ட நம்பருக்காகத்தான் நோட்டையே தொடறாங்க" என்றேன்.

நீ நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய். அடுத்த பன்னிரண்டு நாள் நாம் பேசிக்கொள்ளவில்லை. எதிரெதிர் வீடு. நீ வாசல் தெளிக்கும்போது நான் ஜன்னலை மூடினேன். ட்ரங்க் கால் போர்டின் முன்னால் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்தவள், பத்தடி தெருவைக் கடந்து உன்னிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் கிடந்தேன்.

பதின்மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் நீயே கதவைத் தட்டினாய். "செருப்பைப் போடு. அர்த்தநாரி வீட்டுக்குப் போறோம்" என்றாய். மன்னிப்பு, சமாதானம் என்று எதுவும் இல்லை. நடக்கும்போது ஒரே ஒரு தடவை, "பென்சில் உன் கையில இருந்துச்சு, நோட்டு என்னுது. ரெண்டு பேரும்தான் போய்ச் சொல்லணும்" என்றாய். நான் தலையை ஆட்டினேன்.

பட்டறைகளுக்குப் பின்னால் ஓட்டு வீடு. வாசலில் நான்கு ஹார்டுபோர்டுகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. கறுப்புத் தளத்தில் மஞ்சள் எழுத்தில் 'ஒலி எழுப்புக' என்று புதிதாக எழுதியிருந்தது. ஓரத்தில் ரெக்சின் ஒட்டியிருந்ததை நீதான் முதலில் பார்த்தாய். குனிந்து தொட்டுப் பார்த்தாய். கறுப்புப் பெயின்டுக்கு அடியில், வெயில் சாய்வாகப் பட்ட இடத்தில், ரோட்டின் வளைவு புடைத்துக்கொண்டு தெரிந்தது. கடைக்குக் கொடுப்பதற்காக ஆறு பலகை செய்திருந்தாராம். நாலை லாரிக்குப் போர்டாக மாற்றிவிட்டார்.

"பலகை வீணாப் போகக் கூடாதுல்லீங்க" என்றார் அர்த்தநாரி.

"மிச்சம் இருக்கறதை எடுங்க. நாலு பேரா ஆடணும். நாங்க சரியா ஆடலை" என்றாய் நீ.

அவர் தயங்கினார். அவர் மனைவி பாவாயி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "தேடி வந்து கேக்கறாங்கல்ல, எடுங்க. நானும் ஆடறேன்" என்று பலகையை விரித்துப் போட்டார்.

அந்த ஆட்டத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. தொப்பூர் கணவாயில் என் ஆக்ஸில் உடைந்தது. என் பின்னால் வந்த பாவாயிக்கு ரோடு காலியாகக் கிடந்தது. அவர் தன் லாரியை என் லாரிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஏனுங்க, நீங்க போயிருந்தா ஜெயிச்சிருப்பீங்களே?" என்றேன்.

"கணவாயைத் தாண்டி அக்கட்ட போனதும் எனக்கு ஒடைஞ்சா யாரு நிப்பாங்க? நீங்கதான நிக்கோணும்?"

நீ நிற்காமல் எங்களைத் தாண்டிப் போனாய். ஓசூர் போவதற்குள் உன் டயர் வெடித்தது. நாங்கள் மூவரும் ஒருவர் பின் ஒருவராக வந்தோம். நீ கெஞ்சினாய். பேரம் பேசினாய். அர்த்தநாரியிடம், "அடுத்த வாரம் உங்க பக்கத்தைப் புதுசா எழுதித் தரேன், நில்லுங்க" என்று லஞ்சம் கொடுக்கப் பார்த்தாய். "நீங்க நின்னீங்களா, நாங்க நிக்கறதுக்கு?" என்று பாவாயி கையைத் தட்டிச் சிரித்தார். உனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. பகடையில் ஒன்று விழாமல் எட்டுச் சுற்று அங்கேயே கிடந்தாய். முதல் நாள் எனக்குக் கொட்டாவி வந்த அதே விளையாட்டு.

ஆட்டம் முடிந்து மோர் குடிக்கும்போது அர்த்தநாரி சொன்னார். பெயின்டர் ஆவதற்கு முன் எட்டு வருடம் லாரி ஓட்டியிருக்கிறார். ஒரு தடவை தொப்பூரில் வண்டி நின்றுவிட்டது. ஒரு பகல் முழுக்க எத்தனையோ வண்டிகள் தாண்டிப் போக, ஒரே ஒரு டிரைவர் நின்றிருக்கிறார். தர்மபுரி போய் மெக்கானிக்கைக் கூட்டிவந்து, வண்டி கிளம்பும் வரை கூடவே இருந்திருக்கிறார். "அவருக்கு அன்னிக்கு லோடு லேட்டுங்க. நெம்பத் திட்டு வாங்கியிருப்பாரு. பேரைக்கூடக் கேக்காம உட்டுட்டேன். அதை எழுதறதுக்கு எனக்குத் தெரியலீங்க. வரைஞ்சு பாத்தேன்."

திரும்பி வரும் வழியில் நான் ஒன்பது போடலாம் என்றேன். நீ நடுத்தெருவில் நின்றுவிட்டாய்.

"அவருக்காகப் போடறயா, ஆட்டத்துக்காகப் போடறயா?"

நான் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தேன்.

"பரிதாபத்துல போட்ட ஒன்பதைப் பார்த்து நாளைக்கு ஒருத்தி எடுத்துட்டுப் போவா. பாதியில அலுத்துப் போவா. அப்புறம் நாம போடற எந்த ஒன்பதையும் நம்ப மாட்டா. அந்த மனுஷனுக்கும் அது மரியாதை இல்லை. நல்லால்லைன்னாலும் சொல்லுங்கன்னுதானே நம்மகிட்டக் குடுத்தாரு?"

அடுத்தடுத்த ஞாயிறுகளில் இன்னும் இரண்டு தடவை ஆடினோம். சேலம் வரைக்கும் ஒன்றுமே நடக்காமல் இழுக்கிறது என்று நீ அவரிடமே சொன்னாய். அவர் யோசித்து, புதுச்சத்திரம் பக்கத்தில் புதிதாக ஒரு சீட்டுக் கட்டம் வரைந்தார். பெட்டியை மறுபடி நம் அலமாரியில் கொண்டுவந்து வைத்தார். அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கத்தை எழுதினாய். பழைய மூன்றை அழிக்கவில்லை. மேலே ஒரு கோடு மட்டும் போட்டாய். பக்கத்தில், 'இது இருவர் ஒரே ஒரு தடவை ஆடிவிட்டுப் போட்டது. நாங்கள் அவசரப்பட்டோம்' என்று எழுதினாய். அதற்கும் கீழே, நால்வர் ஆடினால் ஏழு, இருவர் மட்டும் என்றால் எடுக்க வேண்டாம் என்று எழுதினாய். யாரும் பார்க்காமல் போய்விடக் கூடாது என்று இதையே ஓர் அட்டையில் எழுதி வாசல் கதவிலும் ஒட்டினாய். நம் தவறை வாசலில் தொங்கவிடுகிறாளே என்று எனக்குக் கூசியது. இரண்டு நாள் அந்தக் கதவு வழியாக வரவே வெட்கப்பட்டுக் கொல்லைப் பக்கமாக வந்தேன்.

நோட்டு முழுவதையும் மறுபடி எழுதினோம். ஒரு கோடை முழுக்க வேலை. சிவப்பு வட்டத்தை மேல் மூலையிலிருந்து எடுத்துப் பக்கத்தின் அடிக்குக் கொண்டுபோனாய். வழியில் நாலு வரியாவது கண்ணில் படட்டும் என்றாய். மூன்று தடவை ஆடாமல் எண் போடக் கூடாது என்று முடிவு செய்தோம். குழந்தைகள் விளையாட்டையும் பெரியவர்கள் விளையாட்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்றாய். சதுரங்கமும் பாம்புக் கட்டமும் ஒரே ஏழு வாங்கினால் அந்த ஏழுக்கு என்ன அர்த்தம்? நமக்குள் ஒத்துப்போகாதபோது நடுவில் ஓர் எண்ணைப் பிடிப்பதுதான் என் வழக்கம். "ரெண்டையும் எழுது. யாரு எதுக்குப் போட்டாங்கன்னும் எழுது" என்பாய். ஒரு வார்த்தை விளையாட்டுக்கு நீ நாலு, நான் எட்டு. அந்தப் பக்கத்தை ஜனங்கள் நிறுத்தி வாசித்தார்கள். நம் சண்டையைப் படிப்பதற்காகவே வந்தவர்களும் உண்டு. நீ எழுதுவதை யாரும் படிப்பதில்லை என்று நான் சொன்னதற்கு நீ பதில் சொன்னதே இல்லை. அதற்கும் பதில் அந்தப் பக்கங்களில்தான் இருந்தது.

சேலம் கடைக்காரருக்கு நீ ஒரு கடிதம் போட்டாய். பதில் வரவில்லை. லோடு வண்டி கடைக்குப் போகவே இல்லை. அந்த வாய்ப்பை நம்மால் அவருக்குத் திருப்பித் தர முடியவில்லை. ஆனால் நம் அலமாரியில் அந்தப் பெட்டி ஒரு லீவிலும் தங்கியதில்லை. டிரைவர் குடும்பங்கள் கேட்டு, அர்த்தநாரி அவ்வப்போது ஒன்றிரண்டு செய்து கொடுத்தார். செய்த ஒவ்வொரு பெட்டியின் மேலும், லாரியில் எழுதுகிற அதே கொட்டை எழுத்தில் 'நாலு பேர்' என்று எழுதினார்.

எண்பதுகள் முடிவதற்குள் உனக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். வைத்தியம் பார்த்துக் களைத்து, தம்மம்பட்டிக்கு உன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய். லீவு கிடைத்த போதெல்லாம் பஸ் மாறி மாறி வந்தேன். கடைசியாக வந்தபோது சேலத்தில் புதிதாக ஒரு பெட்டி வாங்கி வந்தேன். வண்ண வண்ணப் பொத்தான்களை எதிர்ப்பக்கம் கொண்டுபோகிற விளையாட்டு. கட்டிலில் தலையணைகளை அடுக்கி உன்னைச் சாய்த்து உட்கார வைத்தோம். ஜன்னல் வழியாக மலை தெரிந்தது. இரண்டு ஆட்டம் ஆடினோம். இரண்டிலும் நீ ஜெயித்தாய். பொத்தானை நகர்த்திவிட்டு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டாய்.

"நோட்டு கொண்டாந்தயா?" என்றாய்.

எடுத்துக் கொடுத்தேன். பேனாவைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடமே தந்தாய். "இதை நீ எழுதிரு. மூணாவது ஆட்டம் நாளைக்கு ஆடலாம்."

"நாளைக்கு எனக்கு டியூட்டி. அடுத்த வாரம் வாரேன்" என்றேன்.

அடுத்த வாரம் நான் வந்தது உன் காரியத்துக்கு.

நோட்டை உன் வீட்டுக்காரர் என்னிடமே கொடுத்துவிட்டார். பல நாள் அதைத் திறக்கவில்லை. திறந்த அன்று அந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். விதியெல்லாம் எழுதினேன், வயது எழுதினேன். நல்ல விளையாட்டா, இழுவையா என்று யோசித்தால் ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. உன் மணிக்கட்டு நினைவுக்கு வந்தது. வளையல் முழங்கைக்கு ஏறிப் போயிருந்தது, கண்ணை மூடித் திறந்த போதெல்லாம் நீ என்னைப் பார்த்துச் சிரித்தது, இவையெல்லாம் வந்தன. சிவப்புப் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உனக்காக என்று பத்து போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். நீ நடுத்தெருவில் நின்று கேட்டது காதில் விழுந்தது.

அதனால் உள்ளதை எழுதினேன். என்னிடம் இருக்கும் நோட்டில் கடைசிப் பக்கம் அதுதான்.

'ஆடியவர்கள் இருவர். ஆட்டம் இரண்டு. இரண்டிலும் என் கண் பலகையில் இல்லை. எனவே மார்க் போடவில்லை.'